யானை வாங்கிய கலாசாலை

கரடிமலைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கலாசாலை இருந்தது. அதற்குத் துணைவேந்தர் ஒரு மயில். அங்கே உருப்படியாக ஆராய்ச்சி செய்தது ஒரே ஒரு கீரி. பெயர் செம்பன்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. மான்களுக்குக் குளம்பு அழுகும் நோய் வந்தது. குட்டிகள் எழுந்து நிற்க முடியாமல் செத்தன. கசப்பான ஒரு பச்சிலைப் பூண்டை அரைத்துப் பூசினால் புண் ஆறும் என்று செம்பன் கண்டுபிடித்திருந்தது. ஆனால் என்ன பயன்? வறட்சியில் காடெங்கும் அந்தப் பூண்டு கருகிவிட்டது. கலாசாலைக்குப் பின்னால் செம்பன் தண்ணீர் சுமந்து வளர்த்த ஒரு பாத்திதான் மிச்சம். அது விதை விட்டால் காடு முழுக்க விதைக்கலாம்.

அப்போதுதான் சிங்க ராஜா ஊக்க நிதி அறிவித்தார். படுத்துக் கிடக்கும் காட்டைத் தூக்கி நிறுத்தப் போகிறாராம்! மந்திரி நரி சேதி கொண்டு வந்தது.

"கேட்டதெல்லாம் கிடைக்கும்! ஆனால் முதல் மழைக்குள் செலவழித்துவிட வேண்டும். மிஞ்சியது அரண்மனைக்குத் திரும்பிவிடும்!"

"பாத்திக்கு ஒரு முள்வேலி. தண்ணீர் சுமக்க ரெண்டு பெருச்சாளி. விதை விடுற வரைக்கும் அதுங்களுக்குச் சாப்பாடு. அது போதுங்க," என்றது செம்பன்.

மயிலுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வெட்கமாயில்லை? ராஜா அள்ளிக் கொடுக்கிறார், நீ பெருச்சாளி கேட்கிறாய்! பக்கத்துக் காட்டுக் கலாசாலையில் காண்டாமிருகமே வாங்கிவிட்டார்கள்! நாம் யானை வாங்குவோம். ஆராய்ச்சி யானை!"

"யானை எதுக்குங்க?"

"பூண்டு பிடுங்க!"

"அந்தப் பூண்டு என் முழங்கால் உயரம்கூட இல்லையே! நானே பல்லால் பிடுங்கிடுவேன்."

நரி கெக்கலித்தது. ஆனால் செம்பன் பாம்போடு மல்லுக்கட்டியே பிழைத்த கீரி. லேசில் விடவில்லை.

"சரி மந்திரியாரே. யானை உங்க செலவு. தீனி?"

"நிதி யானையை வாங்குவதற்கு மட்டும்தான். தீனி, கொட்டில், சாணி அள்ளுவது எல்லாம் கலாசாலைப் பொறுப்பு."

"எத்தனை நாளைக்கு?"

"யானை இருக்கிற வரைக்கும்!"

"அப்படின்னா நீங்க கொடுக்கிறது யானை இல்லைங்க, யானைப் பசி! தீனியையும் சேர்த்துக் கொடுங்க. இல்லைன்னா யானையே வேண்டாம்!"

"வாயை மூடு!" என்று அகவியது மயில். "சும்மா வருவதற்கு யாராவது பேரம் பேசுவார்களா? படித்தவன் பேசுகிற பேச்சா இது!"

யானை வந்தது. கும்பன் என்று பெயர். மாலை போட்டார்கள். மயில் தோகை விரித்து ஆடியது. பாறையில் தன் பெயரைப் பெரிதாகவும் ராஜா பெயரை அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் செதுக்கி வைத்தது. பூண்டின் பெயரை யாரும் செதுக்கவில்லை.

விழா முடிந்ததும் கும்பன் பணிவாகக் கேட்டது: "ஐயா, சாப்பாடு எப்போங்க?"

கலாசாலையின் களஞ்சியத்தை வழித்துக் கொட்டினார்கள். "இன்னும் பசிக்குதுங்க!" என்றது கும்பன். அணில் மாணவர்கள் இனி இரண்டு பங்கு கொட்டை கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டது மயில். பாதி அணில்கள் படிப்பை விட்டு ஓடின. அப்போதும் யானைக்குப் பசி! கடைசியில், "ஆராய்ச்சி அப்புறம் ஆகட்டும். நீ போய்ப் புல் அறு!" என்று செம்பனை விரட்டியது மயில்.

"பூண்டுக்குத் தண்ணீர் யார் ஊத்துறது? அதை யார் காவல் காக்கிறது? யானையைத் திருப்பி அனுப்புங்க சாமி!"

"அரசுச் சொத்து! அனுப்பினால் நிதியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். முடியுமா உன்னால்?"

முதல் மழை விழுந்தது. தீனிக்கு ஏதாவது கொடுங்கள் என்று மயில் அரண்மனைக்கு ஓடியது. நரி கொட்டாவி விட்டது.

"அது முடிந்த கதை ஐயா. காடுதான் எழுந்து நின்றுவிட்டதே! போய் வாருங்கள்."

அதே நேரம் செம்பன் தொலைதூரத்திலிருந்து புல்லுக்கட்டை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. பாத்தியின் நடுவில் கும்பன் நின்றுகொண்டிருந்தது. வாயில் கடைசிப் பூண்டு.

"ரொம்பக் கசக்குதுங்க," என்றது கும்பன், தலையைக் குனிந்துகொண்டு. "பசிக்கு என்ன செய்ய?"

அந்த நேரம் பார்த்து ஒரு தாய் மான், நொண்டும் குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது.

"அண்ணே, பூண்டு விதை விட்டிருச்சா? என் புள்ளையால நிக்க முடியலை."

அரண்மனையிலிருந்து திரும்பிய மயில் முந்திக்கொண்டது. "கவலைப்படாதே அம்மா! உன் குட்டியின் நோயைச் சொல்லித்தான் அடுத்த நிதிக்கு மனுப் போடப் போகிறேன். இந்தத் தடவை ஒரு பெண் யானை!"

குட்டி அங்கேயே மடங்கி விழுந்தது. தாய் அதை நக்கிக்கொண்டே நின்றது.

செம்பன் புல்லுக்கட்டை மயிலின் காலடியில் வீசியது. "இனிமே உங்க யானைக்கு நீங்களே தீனி போடுங்க! நான் மலையில எங்கேயாவது ஒரு பூண்டாவது தப்பிப் பிழைச்சிருக்கான்னு பார்க்கப் போறேன்!" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடியது.

வாங்கக் கொடுப்பவனிடம் வளர்க்கவும் சேர்த்துக் கேட்காமல் கை நீட்டுகிறவன், வந்ததைக் காப்பாற்றுவதற்காக ஏற்கெனவே இருந்ததையும் தின்னக் கொடுத்துவிடுவான்.