மூன்று சுழி ண தன் கொடியை அறுத்த கதை

அந்தக் காலத்தில், நாரை வைத்தியம் பார்த்தது, குரங்கு கதை கேட்டது, எழுத்துகளுக்கும் வாய் இருந்தது. இப்போது போல வரிசையில் கம்மென்று நிற்கிற சாதுக்களா அவை? பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு, வாயடித்துக்கொண்டு, ஒரே அமர்க்களம்தான்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். ஊருக்குக் கதை வாசிப்பதுதான் அவள் வேலை. வெயில் தாழ்ந்ததும் ஆற்று மணலில் வந்து உட்காருவாள். மனுஷரும் மிருகமும் சுற்றி உட்காரும். அவள் வாசிக்க ஆரம்பித்தால் குரங்குகூடச் சொறிவதை நிறுத்திவிடும், அப்படி ஒரு குரல்!

அவள் மடியில் இருந்தது ஓர் ஒளிப்பலகை. தகதகவென்று மின்னும். அதில் குடியிருந்தது கொடிமல்லி வம்சம். அந்த எழுத்துகளின் அழகை என்னவென்று சொல்ல! உடம்பு மயிரிழை மாதிரி, நுனிக்கு நுனி சுருண்ட கொடி. அவற்றில் மகாராணி யார் என்றால் மூன்று சுழி ண. தன் வால் கொடியைத் தூக்கிக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பார்த்து மற்ற எழுத்துகள் பொறாமையில் வெந்துபோகும்.

ஆனால் ஒளியையே பார்த்துப் பார்த்துச் செங்கமலத்தின் கண் கெட்டுப்போயிற்று. எரிச்சல், நீர், தலைவலி. கண் வைத்தியர் நாரையிடம் போனாள். அவர் ஒற்றைக் காலில் நின்று, இமையை நீக்கிப் பார்த்தார்.

"அம்மா செங்கமலம், இன்னும் கொஞ்ச நாள் இதைப் பார்த்தாயானால் உனக்கு எழுத்தும் எறும்பும் ஒன்றாகத்தான் தெரியும். தூக்கி எறி."

"வாசிக்காமல் நான் எப்படி இருப்பேன் வைத்தியரே? அதற்கு என்னை ஆற்றில் தள்ளிவிடுங்கள்."

நாரைக்கு மனசு இளகிவிட்டது. உள்ளே போய் ஒரு சாம்பல் நிறப் பலகையை எடுத்து வந்தார். அது கனைத்துக்கொண்டு மெல்லப் பேசியது. "எனக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது தாயி. வெயில் விழுந்தால் என் வயிற்றில் இருக்கிற மையால் எழுத்தைக் காட்டுவேன். பக்கம் மாற்றும்போது ஒருதரம் கண்ணை மூடித் திறப்பேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கண்ணை மட்டும் குத்தமாட்டேன்."

செங்கமலம் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "செங்கமலம் அக்கா போகிற இடத்துக்கு நாங்களும் வருவோம்" என்று கொடிமல்லி வம்சமும் மூட்டை கட்டிக்கொண்டு சாம்பல் பலகையில் குடியேறியது.

அன்று சாயங்காலம் வாசித்தது ஓர் உருக்கமான கதை. கல்யாணமே ஆகாது என்று ஊர் கைவிட்ட ஒரு பெண். கடைசியில் ஒரு நல்ல இடம் வருகிறது. கேட்டவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் பலகையிலோ மயிரிழை உடம்புகள் மங்கிப்போய்க் கிடந்தன. ஒற்றைக்கொம்பின் நுனியில் சுருண்ட கொடி அதை இரட்டைக்கொம்பாகக் காட்டியது. மகாராணி ணவின் சுழிகளில் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. செங்கமலம் கண்ணை இடுக்கிக்கொண்டு, குரல் தழுதழுக்க வாசித்தாள்:

"மாப்பிள்ளை வீட்டார் தட்டு நிறையப் பூவும் பழமுமாக அவளைப் பேன் பார்க்க வந்தார்கள்."

குரங்கு சட்டென்று எழுந்து நின்றது. "பேன் பார்க்கவா? அதற்கு எதற்கய்யா பூவும் பழமும்? என்னிடம் சொல்லியிருந்தால் சும்மாவே பார்த்திருப்பேனே!"

அவ்வளவுதான். மணல்மேடு முழுக்கச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். செங்கமலத்தின் முகம் செத்துப்போயிற்று. அவள் அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள். "இனி என்னால் ஆகாது. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை சாம்பல் பலகையைக் கவிழ்த்த மேனிக்கு நாரையிடம் கொண்டுபோய் வைத்தாள். அவள் வாசல் தாண்டியதும் பலகைக்குள்ளே ஒரே ரகளை. "இந்தப் பாழாய்ப்போன பலகைதான் நம்மை அசிங்கப்படுத்தியது" என்று கத்தியது ஞ. "திரும்ப ஒளிப்பலகைக்கே போவோம், வாருங்கள்!"

ண மட்டும் அந்தக் கூச்சலில் சேரவில்லை. செங்கமலம் அழுத அழுகை அவள் காதைவிட்டுப் போகவே இல்லை.

"பெண்ணைப் பேனாக்கியது பலகை இல்லை, நாம்தான்" என்றாள் கடைசியில். "வைத்தியரே, உம் அலகைக் கொஞ்சம் நீட்டும்."

"எதற்கு?"

"என் கொடியை அறுக்க."

"பைத்தியமா உனக்கு? கொடி போனால் நாம் யார்?" என்று வம்சமே அலறியது.

"அவள் வாசிக்காவிட்டால் மட்டும் நாம் யாராம்?" என்று கேட்டாள் ண. நாரையின் அலகில் வாலை வைத்து ஒரே இழுப்பு. வலித்தது, வலிக்காமல் என்ன! ஆனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பலகையின் வயிற்றில் இருந்த மையைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டாள். மூச்சை இழுத்து மூன்று சுழிகளையும் நன்றாக ஊதித் திறந்தாள். பக்கத்து எழுத்தை இடிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் தலைமேல் இருந்த புள்ளி தானாகவே பெருத்து ஒரு துள்ளுத் துள்ளி மேலே போய் நின்றது.

அதைப் பார்த்த பிறகு மற்றவை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக வந்து கொடியை அறுத்துக்கொண்டன. ஆத்திரக்கார ஞ மட்டும் மையை அளவில்லாமல் குடித்து, உள்ளெல்லாம் அடைத்துப்போய், எந்த எழுத்தென்றே தெரியாமல் நின்றது. நாரை அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பாதி மையைக் கக்க வைத்தார்.

பிறகு நாரையே பலகையைத் தூக்கிக்கொண்டு செங்கமலம் வீட்டுக்குப் பறந்தார். "ஒரே ஒரு பக்கம் பார் தாயி, அப்புறம் வேண்டாம் என்று சொல்."

வேண்டா வெறுப்பாக வாங்கினாள். முதல் வரியைப் பார்த்தாள். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. பலகை கண்ணை மூடித் திறந்தது, அடுத்த பக்கம். அவள் நிமிரவே இல்லை. வாசித்துக்கொண்டே தெருவில் இறங்கினாள், வாசித்துக்கொண்டே மணலுக்கு வந்துவிட்டாள். ஒன்று இரண்டாக ஊரே பின்னால் வந்து உட்கார்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைத்தான் பார்த்தார்கள். கல்யாணம் நடந்தது. குரங்கு தேம்பித் தேம்பி அழுதது. ஒரு சொல் இடறவில்லை.

கதை முடிந்ததும் ண மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது அக்கா நம்மைப் பார்ப்பாள், நாம் செய்ததைச் சொல்லுவாள் என்று. செங்கமலம் பலகையை மடியில் வைத்து, ஆற்றைப் பார்த்து, "அடேயப்பா, என்ன கதை!" என்றாள். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாரை குனிந்து கேட்டார். "என்ன மகாராணி, அவள் உன்னைப் பார்க்கவே இல்லையே. வருத்தமா?"

ண செங்கமலத்தையே பார்த்தபடி சொன்னாள். "இல்லை வைத்தியரே. கதையைப் பார்த்துவிட்டாள். அது போதும் எனக்கு."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் வம்சமும் பேசவில்லை. வாசிக்கிறவர் காதில் கதையைத் தவிர வேறு குரல் விழக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டன. அந்த மனசுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அன்று முதல்தான், சாம்பல் பலகையில் வாசிக்க உட்காருகிறவர்கள் கொடியும் சுருளும் இல்லாத, உடம்பில் சதை உள்ள, சுழி திறந்த எழுத்தாகத் தேடி வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொண்ட மறுநிமிஷமே அதை மறந்தும் போகிறார்கள்.