அமைச்சர் ருசி பார்த்த பிரியாணி

ஊருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா. அதற்குள்ளே அரண்மனை மாதிரி ஒரு ஓட்டல். வருகிறவர் தலையில் அட்டைக் கிரீடம் வைத்து மன்னர் என்பார்கள். தொள்ளாயிரம் ரூபாய்க்கு எலுமிச்சம்பழம் அளவு பிரியாணி வைப்பார்கள்.

அமைச்சர் வேஷத்தில் திரியும் மேனேஜர் ரகோத்தமன், பரிமாறுகிற தவமணியிடம் சொன்னார்: "ஒரு பருக்கைகூட அதிகமா வைக்காதே. பத்தலை, காணலைன்னு ஒருத்தர் சொன்னாலும் நாளைக்கு நீ வர வேண்டாம்."

அன்று லாரி மெக்கானிக் இருதயராஜ் மகளின் பிறந்தநாளுக்கென்று ஆசையாக வந்திருந்தார். தட்டைப் பார்த்த குழந்தை அப்பாவைப் பார்த்தது. அவர் வாய் திறக்குமுன் தவமணி கூத்துக்காரக் குரலில் முழங்கினாள்.

"பொறுங்கள் மன்னா! விஷம் கிஷம் இருந்தால்? முதல் வாய் அமைச்சர் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்."

மற்ற மேசை மன்னர்களெல்லாம் கைதட்டினார்கள். ரகோத்தமன் ஒட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டு ஒரே வாய் எடுத்தார். தட்டு காலி.

"உப்பு உறைப்பு எப்படி அமைச்சரே?"

"ஒரு வாயில என்னம்மா தெரியும், இன்னும் கொஞ்சம் வை."

அரண்மனையே சிரித்தது. தவமணி மெல்லக் கேட்டாள்: "காணலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். நாளைக்கு யார் வர வேண்டாம்?"

சிரிப்பு அடங்குவதற்குள் அமைச்சர் கையசைக்க, இருதயராஜ் மேசைக்குத் தாம்பாளம் நிறையப் பிரியாணி வந்தது.

கை கழுவி வந்த இருதயராஜ் கும்பிட்டார். "பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சுது. நீங்க நல்லா இருக்கணும் தாயி."

"உயிரைக் கொடுத்துத் தின்னு காட்டின அமைச்சருக்குச் சொல்லுங்க."

குழந்தை ஓடிப்போய்த் தன் கிரீடத்தை நீட்டியது. ரகோத்தமன் குனிந்து தலையைக் கொடுத்தார்.