சுவிட்ச் ஏன் மஞ்சளாய்க் காத்திருக்கிறது

அந்தக் காலத்தில் கருவிகள் வாய் திறந்து பேசின. "இன்னைக்கு எனக்கு முடியல" என்று மண்வெட்டி சொல்லிவிட்டால் அதைச் சுவரோரம் சாத்திவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். தராசு மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் என்பதால் கடைக்காரர்கள் அதை அதிகம் பேசவிட மாட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கூனிமலை அணை அலுவலகத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது.

சுவிட்ச் என்றதும் சுவரில் விளக்குப் போடுகிற சுவிட்சை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நெட்வொர்க் சுவிட்ச். பலகை போலத் தட்டையான ஒரு தகரப் பெட்டி, முகம் முழுக்க வரிசையாக வாசல்கள், வாசலுக்கு ஒரு குட்டி விளக்கு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேபிள் செருகியிருக்கும். அதன் மறுமுனையில் யாராவது இருப்பார்கள். ஒரு கேபிள் அணைமேல் இருந்த ஷட்டர் அறைக்குப் போனது. இன்னொன்று நீர்மட்டம் பார்க்கிற அறைக்கு. மற்றொன்று கீழே ஆற்றுத் துறையில் கம்பத்தின்மேல் இருந்த அபாயச் சங்குக்கு. ஒருவர் சொல்வதை வாங்கி உரியவர் காதில் போடுவதுதான் சுவிட்சின் வேலை. யார் எந்த வாசலில் இருக்கிறார் என்பதைப் பேச்சைக் கேட்டுக் கேட்டே அது தெரிந்துகொள்ளும். தெரியாத பெயருக்குச் சேதி வந்தால் எல்லா வாசலிலும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்த வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் மறந்துவிடும். அதில் தப்புச் சொல்ல முடியாது, நாமும் அப்படித்தானே இருக்கிறோம்.

அந்தச் சுவிட்சை இரும்பு அலமாரியில் ஏற்றி, கேபிள் இழுத்து, வாசலுக்கு வாசல் எண் ஒட்டி, யார் யாரோடு பேசலாம் என்று சொல்லிக்கொடுத்தவள் செவ்வந்தி. அணையின் கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்த முதல் பெண் அவள்தான். வந்த புதிதில் சுவிட்சிடம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதன் உபசாரம். எந்த கேபிளைக் கொண்டுபோய் வைத்தாலும், "வாங்க, வாங்க" என்று அந்த நொடியே வாசலைத் திறந்து பச்சை விளக்கை ஏற்றிவிடும். யார், எங்கிருந்து என்று ஒரு வார்த்தை கேட்காது.

"வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்கிறது எனக்குப் பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்லும்.

"நீ எங்க அக்கா மாதிரி" என்பாள் செவ்வந்தி.

அவளுடைய அக்கா வெள்ளையம்மா ஊருக்குள் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அந்த வண்டிதான். காலையில் கரி மூட்டினால் வெயில் சாயும்வரை தேய்ப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. செவ்வந்திதான் அவளுக்குப் பிள்ளையும் தங்கையும். செவ்வந்திக்கும் அக்காவை விட்டால் உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஆயுத பூசை வந்தது. அன்று கருவிகளுக்கெல்லாம் ஓய்வு நாள். துடைத்துக் கழுவி, பொட்டு வைத்து, பூப்போட்டு உட்கார வைத்துவிட வேண்டும். யாரும் அவற்றிடம் வேலை வாங்கக் கூடாது. ஊரே ஆற்றுத் துறையில்தான் கிடந்தது. மாட்டு வண்டி, சைக்கிள், ஏர், உரல் என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு வந்து மணலில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாவும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள்.

"சீக்கிரம் வந்துரு அக்கா. சாயங்காலம் சாமி கும்பிடணும்" என்றாள் செவ்வந்தி.

"ஒரு வருசத்துக் கரி ஒட்டிக் கெடக்குடி. தேச்சுக் கழுவிட்டுத்தான் வருவேன். நீ போயி ஒன் பொட்டிக்குப் பொட்டு வையி" என்று சொல்லிவிட்டு அவள் ஆற்றுப் பக்கம் இறங்கினாள்.

செவ்வந்தி அலுவலகத்துக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து ஒட்டடை தட்டினாள். சுவிட்சின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். கண்டபடி தொங்கிய கேபிள்களைச் சேர்த்து நூலால் கட்டினாள். வாசலுக்கு வாசல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எண் ஒட்டியிருந்த இடத்தின்மேல் பொட்டு விழுந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நாளில் எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்.

எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது. ஒரு கேபிளின் தலை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முனை சுவிட்சில்தான் இருந்தது. மறுமுனையில் இருந்த பழைய கருவியைப் பழுது பார்க்க எடுத்துப் போயிருந்தார்கள். எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற நாளில் இது மட்டும் கேட்பாரில்லாமல் தொங்குவது அவளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு வாசல் காலியாக இருந்தது.

"இதையும் உள்ள எடுத்துக்கிறியா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, வாங்க வாங்க" என்றது சுவிட்ச்.

அவள் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒரே கேபிளின் இரண்டு தலையும் இப்போது ஒரே சுவிட்சின் இரண்டு வாசல்களில் இருந்தன. பார்க்க அழகாக இருந்தது. யாரும் எதுவும் பேசாத நாள் என்பதால் கெடுதல் ஒன்றும் வெளியே தெரியவில்லை. செவ்வந்தி சூடம் காட்டிவிட்டு, பொரியில் கடலையைக் கலக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மலையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஊரில் வெயில் அடித்ததால் கீழே யாருக்கும் அது தெரியாது. அணையில் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, பார்த்திருக்கும்போதே அபாய அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஷட்டர் அறையில் இருந்தவர் இருளாண்டி. நிதானமான மனிதர். முதலில் சங்கு ஊத வேண்டும், துறையில் இருக்கிற ஜனங்கள் கரையேற வேண்டும், அப்புறம்தான் ஷட்டரைத் திறக்க வேண்டும் என்பது அந்த அணையின் கட்டளை. அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. சங்குக்குச் சேதி சொல்லச் சொல்லி சுவிட்சிடம் அனுப்பினார்.

சங்கு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அது எந்த வாசலில் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் மறந்துபோயிருந்தது. அதனால் வழக்கம்போல எல்லா வாசலிலும், "சங்கு இங்க இருக்கா?" என்று கூப்பிட்டது.

அந்தக் குரல் செவ்வந்தி செருகிய கேபிளுக்குள்ளும் போனது. ஒரு தலை வழியாக வெளியே போய் மறு தலை வழியாக உள்ளே வந்தது. வெளியே யாரோ சங்கைத் தேடுகிறார்கள் என்று நினைத்த சுவிட்ச், பாவம், அவருக்காகவும் எல்லா வாசலிலும் கூப்பிட்டது. அதுவும் சுற்றித் திரும்பி வந்தது. அந்த கேபிளில் இந்தப் பக்கமாக ஒன்று, அந்தப் பக்கமாக ஒன்று என்று அதன் சொந்தக் குரலே ஓயாமல் வந்து வாசலைத் தட்டியது. தட்டியவரை நிற்க வைத்துப் பழக்கமில்லாத சுவிட்ச் ஒவ்வொரு தட்டலுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லப்போய், மூச்சுவிடவும் நேரமில்லாமல் திணறியது. அந்தக் கூச்சலில் சங்குக்கு அதன் பெயரே சரியாகக் காதில் விழவில்லை.

இருளாண்டி மறுபடியும் சொல்லி அனுப்பினார். பதில் வரவில்லை. அவர் அணைமேல் இருந்து அலுவலகத்துக்கு ஓடிவந்தார்.

"ஏம்மா செவ்வந்தி, சங்கு ஏன் ஊதல? தண்ணி கோட்டத் தாண்டிருச்சு."

செவ்வந்தி கையிலிருந்த பொரித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அக்கா ஆற்றில் இருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் அலமாரிப் பக்கம் ஓடினாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. என்னன்னு பாத்துர்றேன்."

"நான் பொறுப்பேன். அணை பொறுக்கணுமே தாயி. துறைக்கு ஆளை அனுப்பினா அவன் போயிச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி ஓடினார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்துத் துடித்துக்கொண்டிருந்தன.

"யாரு? யாரு கூப்பிடுறது? இதோ சொல்றேன், இதோ சொல்றேன்" என்று அது அலறியது.

"யாரும் கூப்பிடல. சங்குகிட்ட மட்டும் பேசு. எங்க அக்கா ஆத்துல நிக்கிறா" என்றாள் அவள்.

அவள் பேச்சு அதன் காதில் ஏறவில்லை. எந்த கேபிளால் இந்த வினை என்று தேடினாள். எல்லாவற்றையும் அவளே ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தாள். எண்களின்மேல் அவளே வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்றால் சங்கின் கேபிளும் அதில் போய்விடும். நகத்தால் பொட்டைச் சுரண்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். காலையில் அழகுக்காகத் தான் செருகிய தலை நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் அணைமேல் இருளாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு ஷட்டரைத் திறந்தார். இன்னும் தாமதித்திருந்தால் அணையே உடைந்து துறையோடு ஊரும் போயிருக்கும். வேறு வழி இருந்திருந்தால் அவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

செவ்வந்தி கேபிளைப் பிடுங்கினாள். ஒரே நொடியில் விளக்குகள் அடங்கின. "சங்கு இங்க இருக்கா?" என்று சுவிட்ச் ஒரே ஒருமுறை, தெளிவாகக் கேட்டது. "இருக்கேன்" என்றது சங்கு. உடனே ஊதியது.

சங்குச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் துறைக்குச் சேர்ந்தே வந்தன. ஜனங்கள் போட்டது போட்டபடி கரைக்கு ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஏறிவிட்டார்கள். வெள்ளையம்மாவின் வண்டிச் சக்கரம் ஈர மணலில் புதைந்திருந்தது. விட்டுட்டு வா என்று கரையில் இருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவள் விடவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். அதற்குமேல் அவளை யாரும் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஊர் ஆட்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாய் ஓயாமல் உளறிய அந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிய வேண்டும் என்றார்கள். அவர்கள் கோபத்தில் தப்பு ஒன்றும் இல்லை.

"அதைச் செருகினது நான். எறியிறதா இருந்தா என்னையும் சேத்து எறிங்க" என்றாள் செவ்வந்தி. அவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அவள் அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சுவிட்ச்தான் முதலில் பேச ஆரம்பித்தது.

"வந்தவங்களைக் காக்க வைக்கிறது பாவம்னு நெனச்சேன். வாசல்ல வந்து நின்னது நானேதான்னு எனக்குத் தெரியல."

"தனியாத் தொங்குதேன்னு செருகுனேன்" என்றாள் அவள். "அழகா இருக்கட்டும்னு. எங்க அக்காவ அழகுக்குக் குடுத்துட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"இனிமே யாரு வந்தாலும் உடனே தெறக்காத. மொதல்ல உன் பேரை மட்டும் மெல்லச் சொல்லு. சொல்லிட்டுக் காத கூர்மையா வச்சுக் கேளு. உன் பேரே சுத்தி உங்கிட்ட வந்துச்சுன்னா, ரெண்டு வாசல்ல ஒண்ண மூடிரு. வரலைன்னா தெற."

"ஜனங்க பொறுக்க மாட்டாங்களே. கேபிளச் செருகிட்டு இன்னும் வரல, இன்னும் வரலைன்னு என்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"செத்துப்போச்சுன்னு நெனச்சுப் பிடுங்கி மறுபடி செருகுவாங்க."

"செருகட்டும். நீ மறுபடியும் மொதல்ல இருந்து கேளு. எங்க அக்கா மேல ஆணையாக் கேளு."

"கேக்குறேன்" என்றது சுவிட்ச்.

அவள் எழுந்தாள். அன்று பிடுங்கிப் போட்ட அதே கேபிளை எடுத்தாள். அதன் தலையை அதே வாசலில் மறுபடியும் செருகினாள். சுவிட்ச் "வாங்க" என்று சொல்லவில்லை. வாசலைத் திறக்கவும் இல்லை. பச்சைக்குப் பதிலாக மஞ்சளாக ஒரு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, தன் பெயரை மெல்லச் சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக் கேட்டது. செவ்வந்தியும் அதோடு சேர்ந்து நின்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் மறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

"இது நான்தான்" என்று சொல்லி, சுவிட்ச் அந்த வாசலைச் சாத்திக்கொண்டது. அதுதான் அது வாய் திறந்து பேசிய கடைசிப் பேச்சு. காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்ததால் அதன் பிறகு அது பேசவே இல்லை.

அன்று முதல்தான், நாம் கேபிளைச் செருகிவிட்டு எவ்வளவு அவசரப்பட்டாலும், சுவிட்சின் விளக்கு உடனே பச்சையாகாமல் கொஞ்ச நேரம் மஞ்சளாகவே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.