எட்டி தின்ற வைத்தியன்

எந்த ராஜா, எந்தக் காலம் என்று குறுக்கே கேட்காமல் கேளுங்கள். எட்டி மரங்கள் மண்டிய ஒரு மலையடிவார நாட்டைக் குறுநில மன்னன் ஒருவன் ஆண்டுவந்தான். அவனுடைய சித்தப்பாவை ஒரு போலி வைத்தியன் விஷ மருந்து கொடுத்துக் கொன்றுவிட்டான். அன்றைக்கே மன்னன் ஒரு கட்டளை போட்டான். விஷ மூலிகையில் மருந்து செய்கிற எவரும், நோயாளிக்குக் கொடுக்கும் அதே அளவை அவர் கண்ணெதிரே முதலில் தாம் தின்ன வேண்டும்.

நல்ல கட்டளைதானே? நானும் அந்த நாட்டில் இருந்திருந்தால் ஆமாம் போட்டிருப்பேன்.

கட்டளை வந்ததும் பாதி வைத்தியர்கள் ஊரைக் காலி செய்தார்கள். சேந்தன் அசையவில்லை. கைகால் விழுந்தவர்களுக்கு எட்டிக்கொட்டையில் மருந்து செய்பவன் அவன். எட்டி ஆளைக் கொல்லும். ஆனால் கொட்டையைக் கோமியத்தில் ஊறவைத்து, தோலையும் உள்முளையையும் நீக்கி, பாலில் நெடுநேரம் வேகவைத்தால் அதன் விஷம் தணியும் என்று அவன் முன்னோர் கண்டிருந்தார்கள். தணிந்த அளவு சரிதானா என்பதைச் சேந்தன் தன் உடம்பை வைத்தே பார்ப்பான். குன்றிமணி அளவு வாயில் போடுவான். விரல் நுனி லேசாகத் துடித்தால் பதம் சரி. பலமாகத் துடித்தால் மறுபடி பாலில் போடுவான்.

முதலில் ஒரு செக்காட்டி வந்தான், வலக்கை விளங்காமல். சேந்தன் தின்றான், அவனுக்கும் கொடுத்தான். அறுவடைக்குள் அவன் அந்தக் கையாலேயே மாட்டை ஓட்டினான்.

பெயர் பரவியது. நாள்தோறும் நோயாளிகள் வந்தார்கள், நாள்தோறும் சேந்தன் தின்றான். ஆண்டுகள் போயின. மெல்ல மெல்ல அவன் விரலில் துடிப்பு குறைந்தது. வேக்காடு அதிகமாகி மருந்து வலுவிழந்துவிட்டது என்று எண்ணி, அடுப்பைச் சற்று முன்னதாக அணைத்தான். துடிப்பு வந்தது. சில காலத்தில் அதுவும் நின்றது. இன்னும் முன்னதாக அணைத்தான்.

இரண்டாவதாக நான் சொல்ல வேண்டியது ஓர் இடையனைப் பற்றி. மருந்து தின்ற கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தாடை கிட்டிக்கொண்டது, முதுகு வில்லாய் வளைந்தது. எப்படியோ பிழைத்தான். அவன் உடம்பு பலவீனம் என்று சொல்லி அனுப்பினான் சேந்தன். சேந்தனின் மனைவி நக்கைக்கு மட்டும் மனம் கேட்கவில்லை.

"அந்த ஆளு உயிருக்கு மன்றாடினாரு, உங்களுக்கு ஒண்ணுமே ஆகலை. உங்க உடம்பு அதுக்குப் பழகிப்போச்சோ என்னவோ" என்றாள்.

"அவன் தின்னதைத்தானே நானும் தின்னேன்?" என்றான் சேந்தன்.

ஊராரும் அதையேதான் சொன்னார்கள்.

மூன்றாவதாக நான் சொல்ல வேண்டியது நக்கையைப் பற்றியேதான். ஒருநாள் காலையில் அவளுக்கு இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சேந்தன் துடித்துப்போனான். வேறு யாரையும் தொடவிடாமல் தானே கொட்டையை உரித்தான், தானே பால் கறந்தான், தானே வேகவைத்தான். அவளுக்குக் கொடுப்பது வலுவான மருந்தாக இருக்க வேண்டுமே என்று அடுப்பை எப்போதையும்விட முன்னதாக அணைத்தான். அவள் எதிரே உட்கார்ந்து தின்றான். விரல் லேசாகத் துடித்தது.

"நீங்க தின்னுட்டீங்கல்ல, குடுங்க" என்றாள் நக்கை.

சந்தேகப்பட்டவள் ஏன் தின்றாள் என்று கேட்பீர்கள். ஆயுள் முழுக்கக் கூட வாழ்ந்தவர் கண்ணெதிரே அதையே தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன தோன்றிவிடும்? அன்று பொழுது சாய்வதற்குள் இடையனுக்கு வந்தது அவளுக்கும் வந்தது. அவள் பிழைக்கவில்லை.

சேந்தன் நேரே அரண்மனைக்குப் போனான். மனைவியைக் கொன்றுவிட்டேன், தண்டனை கொடுங்கள் என்று நின்றான். மன்னன் நடந்ததையெல்லாம் விசாரித்தான். முதலில் தின்றாரா? தின்றார். அதே அளவா? அதே அளவு. அவள் கண்ணெதிரிலா? ஆம். அப்படியானால் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னான். சொந்த மனைவி விஷயத்தில்கூடக் கட்டளையை மீறாத வைத்தியர் என்று பாராட்டிப் பட்டும் போர்த்தினான். சேந்தன் அந்தப் பட்டோடு வீட்டுக்கு நடந்து வந்தான்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர்க் குயவன் ஒருவன் விழுந்த கையோடு வாசலில் நின்றான். வீட்டுச் சாவு அவனுக்கும் தெரியும். தலைவிதி என்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு மருந்து கேட்டான்.

"நீங்க தின்னு காட்டுங்க, போதும். நான் கண்ணை மூடிக்கிட்டுத் தின்னுடுவேன்" என்றான்.

"நான் தின்னு பிழைக்கிறது என் உடம்புக்குத்தான் சாட்சி. நீ பிழைப்பேங்கிறதுக்கு அது சாட்சி இல்லைப்பா" என்றான் சேந்தன்.

குயவனுக்குப் புரியவில்லை. வைத்தியருக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு வைத்தியரைத் தேடிப் போனான். அவரும் பல ஆண்டுகளாகத் தின்றுவந்தவர்தான். சேந்தன் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். குயவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டவர்கள் இதை மனதில் வையுங்கள்: தன் உடம்பு தாங்கியதைப் பிறருக்கும் அளவாக வைப்பவன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கேடுதான் செய்வான்.