மோரிஸ் மைனர் வந்துகொண்டிருக்கிறது

அர்த்தநாரி புளுக ஆரம்பித்தால் நஞ்சுண்டன் பேக்கரியில் டீ ஆறிப்போகும். அது அர்த்தநாரிக்கும் தெரியும். பழைய கார்களைக் கையகல அளவில், கதவுக் கைப்பிடி முதல் வைப்பர் வரை ஒன்று விடாமல் ஒட்டிச் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. செய்வது என்றால், அதற்கான உதிரிபாகப் பெட்டிகளை வாங்குவது. கட்டிலுக்கடியிலும் பரணிலும் பிரிக்காத பெட்டிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அவர் செய்து முடித்த கார் ஒன்றையாவது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் அவரே பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நஞ்சுண்டன் வந்து கேட்டார். கடையைப் புதுப்பித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளே விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை கடை தெறப்புங்ணா. உங்க கார் ஒண்ணைக் கொண்டாந்தா இதுல வெச்சுடலாம். ஒம்பது மணி வரைக்கும் பாப்பேன். இல்லீன்னா பஃப்ஸ் அடுக்கிருவேன்.”

அர்த்தநாரிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். பிறந்ததிலிருந்து அவர் செய்த எதையும் யாரும் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்ததில்லை. வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லாமல் உட்கார்ந்து ஒரு மோரிஸ் மைனர் காரை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பாக்கி இருந்தது ஸ்டியரிங் மட்டும். இடுக்கியில் பிடித்தார், கொஞ்சம் அழுத்தினார், அது துள்ளி எங்கோ போய்விட்டது. புருஷனும் பொண்டாட்டியும் டார்ச் அடித்து வீட்டையே புரட்டினார்கள். போன வருஷம் தொலைந்த இரண்டு சக்கரம் கிடைத்தது, ஒரு பம்பர் கிடைத்தது, ஸ்டியரிங் கிடைக்கவில்லை.

ஸ்டியரிங் இல்லாத காரைக் கொண்டுபோனால், தினமும் பேக்கரியில் வந்து உட்காரும் வெள்ளிங்கிரி ஆயுசுக்கும் விடமாட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், பேச்சிலும் கரண்ட் வைப்பார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை அர்த்தநாரி வெறுங்கையோடு பேக்கரிக்குள் நுழைந்தார்.

“கார் எங்கீங்ணா?” என்றார் நஞ்சுண்டன்.

“வந்துட்டிருக்குது.”

“யாரு கொண்டாறாங்க?”

“யாரு எதுக்குக் கொண்டாரோணும்? அதுவே ஓடி வருது. நாந்தான் பஸ்ஸுல முன்னால வந்துட்டேன்.”

வெள்ளிங்கிரி பேப்பரை மடித்துவைத்தார். “ஏன்யா, இன்னிக்குக் காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டியா?”

“நம்பாட்டிப் போ. அச்சு அசலாச் செஞ்சா அதுல ஒரு தொந்தரவு இருக்குது. பழைய காருன்னா காலையில ஸ்டார்ட் ஆவாதில்ல, இதுவும் ஆவல. சக்கரை டப்பாகிட்ட நின்ன கட்டெறும்புகளைக் கூப்புட்டுத் தள்ளச் சொன்னேன். எல்லாம் தம் கட்டித் தள்ளுச்சுங்க. ஒண்ணு மட்டும் பின்னால கைய வெச்சுட்டுத் தள்ளற மாதிரி நடிச்சுட்டே வந்துது, உன்னையாட்ட.”

நஞ்சுண்டன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு போதும், அர்த்தநாரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“தெருமுக்குல நாய் தொரத்துச்சு. செகண்ட் கியரைப் போட்டதும் நாய் அங்கயே படுத்துருச்சு, மூச்சு வாங்குது. அதுக்கப்புறம் வேகத்தடை. நமக்குத்தான் அது வேகத்தடை. அதுக்கு ஊட்டி மலை. கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்திப் பாதி ஏறறப்ப ரேடியேட்டர் கொதிச்சுப்போச்சு. எறங்கி, புல்லு நுனியில இருந்த பனித்துளியை எடுத்து ஊத்தி…”

“யாரு எறங்கி?” என்றார் வெள்ளிங்கிரி.

அர்த்தநாரி அதை யோசித்திருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாகப் போகிறது. நஞ்சுண்டன் உள்ளே போய் ஒரு தட்டு பஃப்ஸோடு வந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

“நாந்தான்,” என்றார் அர்த்தநாரி.

“நீ இங்கல்ல இருக்கற?”

“சின்ன நானு. கார் செஞ்சவன் டிரைவர் செய்ய மாட்டனா? மூக்குக் கண்ணாடி, சொட்டை, எல்லாம் அச்சு அசல். தொப்பையை மட்டும் கொஞ்சம் ராவி எடுத்துப் பாத்தேன், சீட்டுல உக்காந்ததும் திரும்ப வந்துருச்சு.”

“அப்ப நேரா இங்க வர வேண்டியதுதான?”

“வழியில டீ குடிக்க நிறுத்திட்டான். அங்க ஒரு பேக்கரி, அதுவும் நாஞ் செஞ்சதுதான். நஞ்சுண்டனையும் உன்னையும் செஞ்சு உள்ள வெச்சிருக்கேன், அச்சு அசல். கல்லாகிட்ட கண்ணாடிப் பொட்டிகூட இருக்குது.”

“அட, அந்தப் பொட்டியிலயாவது உன்ற காரை வெச்சுட்டானா?”

“எங்க வெக்கறது? அவன் ஓட்டற கார் அந்தப் பொட்டிக்குள்ள நொழையாது. அதைவிடச் சின்னக் கார் ஒண்ணு செஞ்சு கொண்டாறேன்னு சின்ன நானு சொல்லியிருந்தான்.” அர்த்தநாரியின் குரல் இறங்கிவிட்டது. “நேத்து சாயங்காலம் ஸ்டியரிங் துள்ளி எங்கயோ போயிருச்சு. கட்டிலுக்கடியில படுத்துத் தேடுனான். அழுகாத கொறை. காலையில கைய வீசிட்டு வந்து, கார் வந்துட்டிருக்குதுன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கான்.”

வெள்ளிங்கிரியின் குரலில் கேலி இல்லை. “கெடைக்கவே இல்லியா?” என்றார்.

“இல்ல.”

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நஞ்சுண்டன் கேட்டார், “அந்தக் கடைக்காரன் என்னங்ணா பண்ணுனான்?”

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மனசுக்குள் இருந்த ஆசையெல்லாம் முகத்தில் வந்துவிட்டது. “அவன் தங்கமான மனுசன். ‘பரவால்லீங்ணா, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொட்டியைக் காலியாவே வெச்சிருக்கறேன்’னுட்டான்.”

நஞ்சுண்டன் பெட்டியைப் பார்த்தார், அர்த்தநாரியைப் பார்த்தார்.

“அச்சு அசல் என்னையாட்டவேன்னு சொன்னீங்களேங்ணா,” என்றார். “அப்ப இந்நேரம் பஃப்ஸ் அடுக்கியிருப்பான்.”

தட்டை உள்ளே தள்ளிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.