கொதித்த பேரிங்

சூடானால் கிரீஸ் அடி. சர்க்கரை ஆலை மேனேஜர் சந்தானகோபாலனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அன்று காலை பாய்லர் ஃபேனின் பேரிங் சூடாகிவிட்டது.

"அடி கிரீஸை!" என்றார்.

"உள்ளே ஏற்கெனவே நிறைய இருக்கு சார்" என்றாள் மெஷின்களுக்கு கிரீஸ் போடும் குருவம்மா.

"இன்ஜினீயர் நீயா, நானா?"

ஒரு கிரீஸ் கன் முழுக்க அடித்தாள். சூடு ஏறியது. இன்னொன்று அடிக்கச் சொன்னார், இன்னும் ஏறியது. மூன்றாவதும் உள்ளே போனது. பேரிங்கில் கை வைக்க முடியவில்லை. மேனேஜருக்குத் தலை சுற்றியது. கிரீஸ் போட்டால் குளிரத்தானே வேண்டும்?

"நீ ஒழுங்கா அடிக்கல. ஃபேனை நிறுத்தக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள இது குளிரணும். இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

கேன்டீனில் அன்று பிரியாணி. நிதானமாகச் சாப்பிட்டுத் திரும்பியவர் பேரிங்கைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அதன் அடியில் இருந்த சின்ன மூடியைக் குருவம்மா கழற்றி வைத்திருந்தாள். கீழே தகர டப்பாவில் கிரீஸ் அல்வா மாதிரி வழிந்து குவிந்திருந்தது.

"உள்ளே போட்டா சூடாகுது, வெளியே எடுத்தா குளிருதா? ஒண்ணுமே புரியலையே!"

குருவம்மா அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"பெல்ட்டை ஏன் சார் தளர்த்திவிட்டிருக்கீங்க?"

"மூணு தட்டு பிரியாணி. மூச்சு முட்டுது, வேர்த்து ஊத்துது."

"ஐயையோ! நாலாவது தட்டு கொண்டாரச் சொல்லட்டுமா சார்?"