பால்பானையில் வைக்கோல்

கோழி கூவினால்தான் கோட்டைக் கதவு திறக்கும் என்றிருந்த காலம் அது. சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள்.

கானலூர் ராஜாவின் நகரத்துக்கு, சுற்றுப்பட்டிகளிலிருந்து முப்பது பெண்கள் தலையில் பால் சுமந்து வந்து விற்றார்கள். அவர்களில் ஒருத்தி சடைச்சி. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு கோடையில் நகரத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பால்தான் காரணம் என்றார் அரண்மனை வைத்தியர். இனிமேல் தலைச்சுமைப் பால் கோட்டைக்குள் வரக்கூடாது என்று ராஜா தண்டோரா போட்டுவிட்டார்.

முப்பது வீட்டில் அடுப்பு எரியாது. சடைச்சி நேரே சபைக்குப் போனாள். பால் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்க அவகாசம் கேட்டாள். ராஜா மூன்று நாள் கொடுத்தார்.

முதல் நாள் மாட்டின் மடியைக் கழுவிக் கறந்தாள். உச்சிப்பொழுதுக்குள் பால் புளித்தது. இரண்டாம் நாள் பானையையும் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். அப்போதும் புளித்தது.

மூன்றாம் நாள் அவள் கண் வைக்கோலில் விழுந்தது. நடக்கும்போது பால் தளும்பாமலிருக்கப் பானைக்குள் ஒரு பிடி வைக்கோல் செருகுவது அவர்கள் வழக்கம். நேற்றுச் செருகியதையே உதறிவிட்டு இன்றும் செருகுவார்கள். தாய் செய்தாள், மகளும் செய்தாள். யாரும் அதை முகர்ந்து பார்த்ததில்லை. சடைச்சி முகர்ந்தாள். புளித்த நாற்றம் அடித்தது. இதையா இத்தனை காலம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று உட்கார்ந்து அழுதாள்.

அன்று வைக்கோல் வைக்காமல், வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த துணியால் பானையின் வாயை இறுகக் கட்டிச் சபைக்குக் கொண்டுபோனாள். உச்சிப்பொழுது தாண்டியும் பால் கெடவில்லை.

ராஜா மனம் குளிர்ந்து, வேண்டிய மாடுகள் தருகிறேன், இனி நகரம் முழுவதற்கும் நீ ஒருத்தியே பால் கொடு என்றார்.

ஆசை இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனாலும் இப்படிச் சொன்னாள்:

"மத்தவங்க எங்க போவாங்க மகாராசா? பசி வந்தா கோட்டச் சுவரத் தாண்டியாவது திருட்டுத்தனமா விப்பாங்க. அந்தப் பாலக் குடிச்சு ஒரு பிள்ள படுத்தாலும், ஊரு என் பாலையும் சேத்துத்தான் கீழ ஊத்தும். அவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன், விடுங்க."

ராஜாவுக்கு அது உறைத்தது. தண்டோராவைத் திரும்பப் பெற்றார். சடைச்சி மற்றப் பால்காரிகளைக் கற்றுக்கொள்ள அழைத்தாள். பாலுக்கும் பாடமா என்று அவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கற்றுத் தேறியவளின் பானைக்கு அடையாளமாக ஒரு செப்பு வளையம் கிடைத்தது. ஜனங்கள் வளையமுள்ள பானையைத் தேடிப் பால் வாங்கினார்கள். முன்பு புளித்துப் போய்க் கொட்டிய அளவு பாலும் இப்போது விலைபோனது. அடுத்த கோடையில் பிள்ளைகள் தெருவில் விளையாடினார்கள்.

தொழிலில் தான் கண்ட நல்லதைத் தன்னோடு தொழில் செய்பவர்க்கும் கற்றுக்கொடுப்பவரின் பிழைப்பே நிலைக்கும்.